பழைய டிராக்டர் சில வேளை கிளம்பாமை: காரணம் அறியும் முறை

ஐப்பசி மாதத்தில் கரிசல் நிலத்தில் நல்ல மழை பெய்து ஓய்ந்தபின், உழவுக்கும் விதைப்புக்கும் ஏற்ற பதம் சில நாட்களே நிற்கும். ஈரம் மிகுந்திருக்கையில் சக்கரம் புதையும்; ஈரம் காய்ந்தபின் மண் இறுகிக் கட்டி கட்டியாய்ப் பெயரும். இடைப்பட்ட அச்சில நாட்களில் டிராக்டர் ஒரு காலைப் பொழுது கிளம்ப மறுத்தாலும், அதனால் உண்டாகும் நஷ்டம் ரிப்பேர்க் கூலியோடு முடிவதில்லை. விதைப்புப் பிந்தி, அவ்வருஷத்து விளைச்சலையே அது பாதிக்கும்.

அறவே கிளம்பாத இஞ்சினின் கோளாற்றைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமன்று. கோளாறு எந்நேரமும் கண்முன் நிற்கிறது. நேற்றுக் கிளம்பிற்று, இன்று கிளம்பவில்லை, மெக்கானிக் வந்து நின்றவுடன் முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது என்று சொல்லப்படும் கோளாறே பெருந்தொல்லை தருவதாகும். இந்நிலையில் பெரும்பாலோர் செய்வது யாதெனில், முதலில் பாட்டரியை மாற்றுவதும், பிறகு செல்ப் மோட்டாரை மாற்றுவதும், அதன்பின் டீசல் பம்பைக் கழற்றி அனுப்புவதுமே. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் வண்டி சில நாள் ஒழுங்காய்க் கிளம்பும். கோளாறு தீர்ந்ததென்று எண்ணப்படும். பின்னர் அது மறுபடியும் தோன்றும். பணம் செலவானதேயன்றிக் காரணம் அறியப்படவில்லை. வந்து போகும் கோளாறு, அது வந்திருக்கும் வேளையில் பரிசோதித்தாலன்றி அகப்படாது. ஆகவே, அந்த வேளையில் எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை டிராக்டர் உடையவர்கள் முன்னதாகவே அறிந்திருத்தல் அவசியம்.

இஞ்சின் கிளம்புவதற்கு வேண்டியவை

டீசல் இஞ்சினில் பெட்ரோல் இஞ்சினிலுள்ளது போன்ற தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று, ஏறக்குறைய 16 முதல் 18 பங்கில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. அந்நெருக்கத்தால் காற்றின் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உயர்கிறது. அச்சமயம் நாஸில் வழியே பனிபோல் தெறிக்கும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே இஞ்சின் கிளம்ப வேண்டியவை மூன்றே: போதிய வேகத்தில் சுழற்சி, தடையில்லாக் காற்று, காற்றுக் குமிழி கலவாத டீசல். சுழற்சி மந்தமாயின் நெருக்கப்பட்ட காற்றின் உஷ்ணம் சிலிண்டர்ச் சுவரில் இறங்கிவிடும். டீசல் வந்தும் பற்றாது. பாட்டரிக் குறை சில வேளைகளில் டீசல் குறைபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

முதற் கேள்வி: எப்போது?

ஸ்பானரைக் கையில் எடுக்குமுன், கோளாறு எந்த வேளையில் வருகிறதென்பதைக் கவனிக்க வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டி காலையில் மட்டும் கிளம்பத் தாமதித்து, ஒரு முறை கிளம்பியபின் அன்று முழுதும் ஒழுங்காய் இருக்குமாயின், டீசல் குழாயில் காற்றுப் புகுவதையோ பாட்டரி பலங்குறைந்ததையோ சந்தேகிக்கலாம். காலையில் நன்கு கிளம்பி, உச்சிவேளையில் உழவை நிறுத்திக் கால் மணி கழித்துக் கிளப்புகையில் மறுக்குமாயின், சூட்டால் தளர்ச்சி காட்டும் உறுப்பு ஒன்று உண்டென்று அறியலாம். அரைமணி ஓடித் தானே அணைந்து, சிறிது நேரம் கழித்துக் கிளம்புமாயின், டீசல் தொட்டி மூடியில் காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். வேளையும் காரணமுமின்றிச் சாவியைத் திருப்பும்போது ஓசையே இல்லாதிருந்து, இரண்டு மூன்று முறை திருப்பியபின் கிளம்புமாயின், மின்சாரப் பாதையில் எங்கோ இணைப்புத் தளர்ந்துள்ளது.

இவற்றை நினைவில் வைத்திருப்பது போதாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், வண்டி எத்தனை மணி நின்றிருந்தது, கேட்ட ஓசை, புகையின் நிறம், பிறகு என்ன செய்ததால் கிளம்பிற்று என்பவற்றைக் குறித்து வரவேண்டும். ஐந்தாறு குறிப்புகள் சேர்ந்தவுடன் ஒழுங்கு ஒன்று பெரும்பாலும் வெளிப்படும். கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஊராட்சிக்கோ சொந்தமான டிராக்டர்களில் இது மிகவும் முக்கியம். அங்கே ஓட்டுபவர் பலர். பழகிய ஓட்டுநர் ஒருவர் கியர்த் தண்டைச் சற்று ஆட்டியோ, பாட்டரிக் கம்பியை முறுக்கியோ வண்டியைக் கிளப்பி விடுவார். அவருக்கு அது ஒரு கைப்பழக்கம், பிறருக்குத் தெரியாது. அவர் விடுப்பில் சென்ற நாளில்தான் கோளாறு வெளிப்படும். அக்கைப்பழக்கம் இன்னதென்று கேட்டுக் குறித்துக்கொண்டால், கோளாறு இருக்கும் இடம் பாதி தெரிந்ததற்குச் சமானம்.

இரண்டாம் கேள்வி: இஞ்சின் சுழல்கிறதா?

கிளம்பாத வேளையில் சாவியைத் திருப்பி, இஞ்சின் சுழலவேயில்லையா, மந்தமாய்ச் சுழல்கிறதா, வேகமாய்ச் சுழன்றும் பற்றவில்லையா என்று பார்க்க வேண்டும். முதலிரண்டும் மின்சாரத்தைச் சார்ந்தவை. மூன்றாவது பெரும்பாலும் டீசலைச் சார்ந்தது. இவ்வொரு பிரிவினை செய்தாலே வீண் செலவில் பெரும்பகுதி நீங்கும். செல்ப் மோட்டாரை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் இயக்கலாகாது. அடுத்த தடவைக்குமுன் ஒரு நிமிஷமேனும் ஆறவிட வேண்டும்.

சுழலாத இஞ்சின்: விளக்குச் சோதனை

முன்விளக்கை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பி விளக்கைக் கவனிக்கவும். இதற்கு எக்கருவியும் வேண்டுவதில்லை.

விளக்கு அறவே அணைந்து, ஓசையும் இல்லையாயின், பாட்டரிக் கம்பி முனையில் இணைப்புக் கெட்டிருக்கிறது. விளக்கு மங்கி, இஞ்சின் மந்தமாய்ச் சுழன்றாலும், ‘டக டக’ என்று விரைவான ஓசை கேட்டாலும், பாட்டரியில் சக்தி குறைவு. விளக்கு பிரகாசம் மாறாமல் நிற்க, ‘டக்’ என்று ஓர் ஓசை மட்டும் கேட்குமாயின், சோலனாய்டினுள் உள்ள செம்புத் தொடுமுனைகள் கருகியிருக்கலாம், அல்லது செல்ப் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம். விளக்கும் மாறவில்லை, ஓசையும் இல்லையெனில், சாவி ஸ்விச்சு, அதிலிருந்து சோலனாய்டுக்குச் செல்லும் மெல்லிய கம்பி, பாதுகாப்பு ஸ்விச்சு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருந்தாலன்றி, அல்லது கிளச்சை மிதித்தாலன்றி, இஞ்சின் கிளம்பாதபடி தடுப்பதே பாதுகாப்பு ஸ்விச்சின் வேலை. கியர்த் தண்டைச் சற்று அசைத்ததும் கிளம்புமாயின் குற்றம் அங்கேதான்.

விளக்கு நன்றாய் எரிகிறதே, பாட்டரியும் இணைப்பும் எப்படிக் கெட்டிருக்கும் என்று பலர் வினவுவதுண்டு. 60 வாட்ஸ் விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியரே கொள்ளும். செல்ப் மோட்டாரோ 200 ஆம்பியருக்கு மேலும் கொள்ளும். கம்பி முனையில் அழுக்கேறி, ஓர் ஓமில் நூறிலொரு பங்கு தடை உண்டாயிற்று எனக் கொள்க. விளக்குக்கு அதனால் 0.05 வோல்ட்டே குறையும், கண்ணுக்குத் தெரியாது. செல்ப் மோட்டாருக்கோ 2 வோல்ட் குறைந்துவிடும். வண்டியின் அதிர்ச்சியாலும் சூட்டாலும் அத்தடை கூடியும் குறைந்தும் வருவதால், ஒரு வேளை கிளம்புதலும் மறுவேளை மறுத்தலும் நிகழ்கின்றன.

பாட்டரியும் இணைப்புகளும்

பாட்டரிக் கம்பியைக் கழற்றும்போது எர்த் கம்பியை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாள வேண்டும். முனையில் பூத்துள்ள வெள்ளை அல்லது பச்சை உப்பை, சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, உள்ளும் புறமும் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிப் பின் வாஸலீன் தடவவும். சோடா நீர் பாட்டரியின் அறைக்குள் விழலாகாது. எர்த் கம்பியின் மறுமுனை இஞ்சினிலோ சட்டத்திலோ முடுக்கப்பட்ட இடத்தைப் பலர் பார்ப்பதேயில்லை. பெயிண்டும் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த அவ்விடமே பழைய வண்டிகளில் அடிக்கடி குற்றவாளியாகக் காணப்படுகிறது.

மல்டிமீட்டர் ஒன்று கையில் இருப்பின் ஐயம் அறவே நீங்கும். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்துள்ளது, 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி, 12.0-க்குக் கீழே இறங்கினால் வெறுமை நிலையை நெருங்கிவிட்டது. இஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்து வைத்துக்கொண்டு, ஒருவர் சாவியைத் திருப்ப மற்றொருவர் அளக்கவேண்டும். சுழலும்போது பாட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால், பாட்டரி பலவீனமானது, அல்லது செல்ப் மோட்டார் மிதமிஞ்சி இழுக்கிறது. பாட்டரி முனைகளில் வோல்ட் நன்றாய் நின்றும் மோட்டார் மந்தமாயின், பாட்டரியின் பாஸிடிவ் முனைக்கும் மோட்டாரின் முனைக்கும் இடையில் அளக்கவும், 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அப்பாதையில் தடை உண்டு. அவ்வாறே நெகடிவ் முனைக்கும் இஞ்சின் உடலுக்கும் இடையில் 0.3-க்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை உண்டு. இஞ்சின் ஓடுகையில் பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இல்லையாயின், பாட்டரி சார்ஜ் ஆகவில்லை. புதுப் பாட்டரி வாங்கி வைப்பினும் அதுவும் சில நாளில் வற்றிவிடும்.

செல்ப் மோட்டார் ‘விர்’ரென்று தனியே சுழன்று இஞ்சினைத் திருப்பாவிடினும், ‘கரகர’வென்று அரைபடினும், பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். இஞ்சின் அணையும்போது பிளைவீல் எப்போதும் குறிப்பிட்ட சில நிலைகளிலேயே வந்து நிற்கும். 4 சிலிண்டர் இஞ்சினில் 2 இடங்கள், 3 சிலிண்டர் இஞ்சினில் 3 இடங்கள். அவ்விடத்துப் பற்களே மோட்டாரின் அடியைத் தாங்கித் தேய்கின்றன. அவற்றுள் ஓர் இடம் மட்டும் மிகத் தேய்ந்திருப்பின், இஞ்சின் அங்கே வந்து நின்ற நாளில் மட்டும் கிளம்பாது. பிளைவீலைச் சிறிது நகர்த்தியதும் கிளம்புமாயின் காரணம் இதுவே.

சுழன்றும் பற்றாத இஞ்சின்: புகைச் சோதனை

இஞ்சின் வேகமாய்ச் சுழலும்போது சைலன்ஸரைக் கவனிக்கவும். வெண்புகை வருமாயின், டீசல் சிலிண்டருக்குள் செல்கிறது, ஆனால் பற்றவில்லை. சுழற்சி வேகம், காற்று வடிகட்டி, நாஸில், சிலிண்டரின் நெருக்கம் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். நீலகிரி போன்ற குளிர்ப் பிரதேசங்களில் விடியற்காலையில் இது மிகுதி. புகையே இல்லையாயின், டீசல் சிலிண்டரை அடையவில்லை.

அப்போது எளியவற்றை முதலில் பார்க்கவேண்டும். தொட்டியின் குழாய் திறந்துள்ளதா? நிறுத்தும் குமிழ் முழுதும் உள்ளே சென்றுள்ளதா? அதன் கம்பி துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டால் பம்பு டீசலை விடாது. கையால் பம்பின் நெம்புகோலைத் தள்ளியதும் கிளம்பும். தொட்டி மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தால், மூடியின் துளை அடைபட்டுள்ளது. அதைச் சுத்தம் செய்தாலே போதும். வடிகட்டிக் கிண்ணத்தில் நீரோ சேறோ தங்கியிருப்பின் வடித்துவிடவேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைத்தால், இரவில் உட்சுவரில் நீர் வியர்ப்பது குறையும்.

இவை சரியாயிருப்பின், குழாயில் காற்றுப் புகுந்துள்ளதெனக் கொள்க. காற்றை வெளியேற்றும் முறை, தொட்டியிலிருந்து நாஸிலை நோக்கி வரிசையாய்ச் செல்வதாகும். முதலில் வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, பீட் பம்பின் கைப்பிடியை இயக்கி, குமிழியில்லாத டீசல் வரும்வரை விட்டு இறுக்கவும். அடுத்து டீசல் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்யவும். கடைசியாக நாஸில் குழாய்களின் நட்டுகளைச் சற்றே தளர்த்தி, இஞ்சினைச் சுழற்றி, டீசல் வந்ததும் இறுக்கவும். நாஸிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும் வேகமுடையது. அவ்விடத்தில் கையை வைப்பது கூடாது. அங்ஙனம் காயம்பட்டால், துளை சிறிதாய்த் தோன்றினும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

ஒருமுறை காற்றை வெளியேற்றியபின் அது மீண்டும் மீண்டும் வருமாயின், வெளியேற்றுவது பரிகாரமாகாது. புகும் வழியை அடைக்க வேண்டும். தொட்டி பம்பைவிடத் தாழ்ந்திருக்கும் வண்டிகளில், தொட்டிக்கும் பீட் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் விரிசல் இருப்பின் டீசல் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே இழுக்கப்படும். குழாய் வெளியே உலர்ந்து தோன்றுவதால் குற்றமற்றதென்று எண்ணிவிடுகிறார்கள். வண்டி இரவில் நிற்கும்போது குழாயிலுள்ள டீசல் தொட்டிக்குத் திரும்பிவிடுகிறது. காலையில் வெறும் காற்றே பம்புக்குச் செல்கிறது. இதைக் கண்டறிய, சுத்தமான டீசல் நிரம்பிய ஒரு டப்பாவைப் பம்பைவிட உயரமாய்த் தொங்கவிட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயால் பீட் பம்பில் இணைக்கவும். தொடர்ந்து மூன்று காலைகள் தடையின்றிக் கிளம்புமாயின், குற்றம் பழைய குழாயிலோ அதன் வாஷர்களிலோ இருக்கிறது. அவற்றின் விலை, பம்பை ரிப்பேர் செய்யும் செலவில் மிகச் சிறு பங்கேயாகும்.

சூடேறிய வேளையில் மட்டும் மறுக்கும் இஞ்சினில் புகையும் வராவிடில், டீசல் பம்பின் உட்பாகம் தேய்ந்திருக்கலாம். சூட்டால் இளகிய டீசல் தேய்ந்த இடைவெளியில் கசிந்து, கிளப்பும்போது போதிய அழுத்தம் உண்டாவதில்லை. நின்றுள்ள இஞ்சினின் பம்பின்மேல் ஈரத் துணியைப் போர்த்தி, கால் மணி கழித்துக் கிளப்பிப் பார்க்கவும். கிளம்புமாயின், பம்பை அதற்குரிய பட்டறைக்கு அனுப்புவதே தக்கது. ஓடும் பம்பின்மேல் நீரைக் கொட்டலாகாது. உட்பாகம் சுருங்கி இறுகிப்போகும்.

உயிருக்கு ஆபத்தான வழக்கங்கள்

சாவிக்கு இஞ்சின் திரும்பாதபோது, பின்சக்கரத்தருகே தரையில் நின்றுகொண்டு, செல்ப் மோட்டாரின் இரு முனைகளையும் திருப்புளியால் சேர்த்துக் கிளப்பும் வழக்கம் கிராமங்களில் உண்டு. இவ்வாறு செய்கையில் பாதுகாப்பு ஸ்விச்சு பயனற்றுப் போகிறது. வண்டி கியரில் இருந்தால், இஞ்சின் பற்றிய கணமே பின்சக்கரம் நகர்ந்து, நிற்பவர்மேல் ஏறிவிடும். விலகுவதற்கு அவகாசமே இராது. இம்முறையில் உயிரிழந்தோர் பலர். வண்டியை எப்போதும் ஆசனத்தில் அமர்ந்தே கிளப்பவேண்டும். பாதுகாப்பு ஸ்விச்சுக் கெட்டால் மாற்றவேண்டுமேயன்றி, கம்பியை நேரே சேர்த்துவிடுவது தகாது.

சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அதனருகே பீடி, தீக்குச்சி, கம்பி உரசும் பொறி ஆகிய எதுவும் பாட்டரியை வெடிக்கச் செய்து திராவகத்தைக் கண்ணில் தெறிக்கச் செய்யும். காற்றுக் குழாயில் ஈதர் தெளிப்பதும், உட்குழாயில் சூடேற்றும் சாதனம் பொருத்திய இஞ்சின்களில் வெடிப்பை உண்டாக்கும்.

பருவத்துக்குமுன் செய்யத்தக்கவை

இங்குக் கூறியவற்றுள் பெரும்பாலானவை வீட்டு முற்றத்திலேயே செய்யத்தக்கவை. புரட்டாசி மாதத்திலேயே பாட்டரி முனைகளையும் எர்த் முனையையும் சுத்தம் செய்து, திராவக மட்டம் குறைந்திருப்பின் காய்ச்சி வடித்த நீர் விட்டு, டீசல் வடிகட்டிகளை மாற்றி, ரப்பர்க் குழாய்களின் விரிசலைப் பார்த்து, தொட்டி மூடியின் துளையைத் துடைத்து வைப்பது நலம். அதன் பிறகும் கோளாறு தோன்றுமாயின் ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்யவேண்டும். இரண்டு மூன்று உறுப்புகளை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமாயிற்றென்று தெரியாது. குணமாகாவிடின் எது கெட்டதென்றும் தெரியாது.

மெக்கானிக்கை அழைப்பது எவ்வகையிலும் தவறன்று. ஆயினும், “சில வேளை கிளம்பவில்லை” என்று மட்டும் சொல்லி வண்டியை ஒப்படைப்பதற்கும், “இரவு நின்றபின் காலையில் மட்டும், இஞ்சின் வேகமாய்ச் சுழல்கிறது, புகை வருவதில்லை, காற்றை எடுத்ததும் கிளம்புகிறது” என்று சொல்லி ஒப்படைப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதற்கூற்று அவரை ஊகத்தில் இறக்கும். இரண்டாவது நேரே குழாயினிடம் அழைத்துச் செல்லும். நோட்டுப் புத்தகத்தில் எழுதிய நாலைந்து வரிகள், பதம் நிற்கும் சில நாட்களில் ஒன்றையேனும் வீணாகாமல் காப்பாற்றிக் கொடுக்கும்.